இரண்டும் சோடாதானே என்று நினைத்தேன்: பிரெட்செல் சுடப் போய் நான் பட்ட பாடு

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகில் உள்ள எஸ்லிங்கன் நகரில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஒரு நவம்பர் மாத இரவில் என் வீட்டுச் சமையலறையில் நடந்ததையும், அதனால் எனக்கு ஏற்பட்ட காயத்தையும், செலவான 423 யூரோ 50 செண்டையும் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். வெட்கத்தால் தள்ளிப்போட்டேன். அண்மையில் இங்கு வந்து சேர்ந்த ஒரு தமிழ் நண்பர், வீட்டிலேயே பிரெட்செல் சுடப்போவதாகவும் அதற்கான 'சோடா' வாங்கிவிட்டதாகவும் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. எந்தச் சோடா என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

பிரெட்செல் என்பது மாவைத் திரித்து முடிச்சுப் போட்டுச் சுடும் ஒரு ரொட்டி. இந்தப் பகுதி மக்களுக்கு அது நம் ஊர் இட்லியைப் போன்றது. பல் முளைக்கும் குழந்தையின் கையில் கொடுப்பதும் அதுதான், அலுவலகக் கூட்டத்தில் வெண்ணெய் தடவித் தட்டில் அடுக்கி வைப்பதும் அதுதான். தெற்கு ஜெர்மனியில் இது இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரிந்திருக்கிறது. பவேரியாவில் செய்வதற்குக் கைகள் (பின்னிய நுனிப் பகுதிகள்) பருமனாக இருக்கும், மேல்தோல் தானாக வெடித்திருக்கும். எங்கள் ஸ்வாபியப் பகுதியில் செய்வதற்குக் கைகள் மெலிந்து மொறுமொறுப்பாகவும், வயிறு (வளைந்த நடுப்பகுதி) பருத்து மென்மையாகவும் இருக்கும். அந்த வயிற்றில் கத்தியால் கீறிய பிளவு ஒன்று வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். எது அசல் என்று இரு தரப்பாரும் ஓயாமல் வாதிடுவார்கள். 'பவேரிய பிரெட்செ' என்ற பெயருக்கு 2014-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பே கிடைத்துவிட்டது. நான் ஸ்வாபியர் பக்கம். காரணம் அந்த மொறுமொறுப்பான கைகள்தான். நம் கை முறுக்கின் நினைவை அவை எனக்குத் தருகின்றன.

அந்த முறுக்கு நினைவுதான் என்னை வம்பில் மாட்டிவிட்டது. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். அன்று மாலை குழந்தைகள் காகித லாந்தர்களை ஏந்தி ஊர்வலம் போவார்கள். முடிவில் அவர்களுக்குச் சூடான பழரசமும் பிரெட்செலும் தருவது வழக்கம். என் மகள் படித்த கிண்டர்கார்டனில், யார் எதைக் கொண்டுவருவது என்ற பட்டியலைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். என் மனைவி தம் தாயாரின் அறுவை சிகிச்சைக்காகத் திருச்சிக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் ஐந்து வயது மகளும்தான். மற்ற பெற்றோர்கள் பழம், பிஸ்கட் என்று எழுதியிருந்த பட்டியலில், '30 பிரெட்செல், வீட்டில் செய்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தீபாவளிக்குத் தீபாவளி அம்மாவோடு உட்கார்ந்து கை முறுக்கு சுற்றிப் பழகியவனுக்கு, மாவைத் திரித்து ஒரு முடிச்சுப் போடுவது பெரிய காரியமா என்று தோன்றியது. முடிச்சு பெரிய காரியமாக இல்லை என்பது உண்மைதான். அதற்குப் பின்னால் வரும் வேலையைப் பற்றித்தான் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிரெட்செலுக்கு அந்தச் செம்பழுப்பு நிறமும் தனி மணமும் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுடுவதற்கு முன் மாவை ஒரு காரக் கரைசலில் சில நொடிகள் முக்கி எடுக்கிறார்கள். காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல, வேதியியலில் அமிலத்துக்கு எதிரானது. அந்தக் கரைசலுக்கு ஜெர்மன் மொழியில் லவ்கே என்று பெயர். காரம் மாவின் மேல்தோலில் உள்ள மாவுச்சத்தையும் புரதத்தையும் மாற்றிவிடுவதால், அடுப்பின் சூட்டில் அந்தத் தோல் சாதாரண ரொட்டியைவிட மிக விரைவாகச் சிவந்து பளபளக்கிறது. இந்தக் கரைசலை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் சமையல் சோடாவைக் கொதிக்கும் நீரில் கரைத்து, அதில் பிரெட்செலை அரை நிமிடம் போட்டு எடுப்பார்கள். பேக்கரிக்காரர்கள் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம் ஊரில் காஸ்டிக் சோடா என்று சொல்லும் எரிசோடாவை, 4 விழுக்காட்டைத் தாண்டாமல் குளிர்ந்த நீரில் கரைத்துப் பயன்படுத்துவார்கள்.

இப்போது பெயர்களைக் கவனியுங்கள். சமையல் சோடாவுக்கு ஜெர்மன் மொழியில் நாட்ரோன் என்று பெயர். காஸ்டிக் சோடாக் கரைசலுக்கு நாட்ரோன்லவ்கே என்று பெயர். என்னிடம் இரண்டு குறிப்புகள் இருந்தன. ஒன்று, 'ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டு 50 கிராம் நாட்ரோன் போடவும்' என்ற வீட்டுக் குறிப்பு. மற்றொன்று, அசல் சுவை வேண்டுமானால் நாட்ரோன்லவ்கேதான் வேண்டும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னது. நாட்ரோனைக் கரைத்தால் வருவது நாட்ரோன்லவ்கே என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். தமிழிலும் எனக்கு உதவி கிடைக்கவில்லை. ஆப்ப சோடாவும் சோடாதான், காஸ்டிக் சோடாவும் சோடாதான். ஒன்று ஆப்ப மாவில் விழுகிறது, மற்றொன்று சோப்புத் தொழிற்சாலைக்குப் போகிறது. பெயரில் உறவு இருக்கிறதே தவிர, குணத்தில் இல்லை. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு சமையல் சோடாக் கரைசலுக்கு 8-ஐ ஒட்டி இருக்கும். பேக்கரி லவ்கேயின் அளவு 14-ஐ நெருங்கும். இந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பதால், இரண்டுக்கும் இடையே லட்சக்கணக்கான மடங்கு வேறுபாடு இருக்கிறது.

மருந்துக்கடையில் போய், 'பிரெட்செலுக்கு நாட்ரோன்லவ்கே செய்ய வேண்டும்' என்று கேட்டேன். அங்கிருந்த பெண் எதற்காக என்று மறுபடியும் கேட்டு, உள்ளே போய் வெள்ளை முத்துக்கள் நிறைந்த ஒரு டப்பாவை எடுத்து வந்தார். விலை 12 யூரோ. சமையல் சோடாப் பொட்டலம் ஒரு யூரோவுக்குக் கிடைக்கும்போது இது ஏன் 12 யூரோ என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. டப்பாவின் மேல் சிவப்புக் கட்டத்துக்குள், ஒரு கையின் மீதும் ஓர் உலோகத் துண்டின் மீதும் திரவம் சொட்டி அவற்றை அரிப்பது போன்ற படம் இருந்தது. அவர் அந்தப் படத்தைச் சுட்டிக்காட்டி வேகமாக ஏதோ சொன்னார். பாதி புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையை ஆட்டினேன். இந்த நாட்டில் மெழுகுவத்திக்குக்கூட எச்சரிக்கை ஒட்டுவார்கள் என்ற அலட்சியமும் சேர்ந்துகொண்டது. அந்தப் படத்தில் இருந்த கையும் உலோகமும் அன்றிரவே என் வீட்டில் நடித்துக் காட்டின.

மாவு நன்றாகவே வந்தது. இரண்டு முறை பிசைந்து, உருட்டி, முடிச்சுப் போட்டு, புதிதாக வாங்கிய இரண்டு அலுமினியத் துளைத் தட்டுகளில் முதல் பத்தை அடுக்கினேன். மகள் எட்டு மணிக்கே தூங்கிவிட்டாள். பத்து மணி அளவில், திருச்சியிலிருந்து மனைவி கொண்டுவந்திருந்த பெரிய அலுமினிய டேக்சாவில் இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டேன். தளதளவென்று கொதித்தபோது நூறு கிராம் முத்துக்களை ஒரே கையாகக் கொட்டினேன்.

காஸ்டிக் சோடா நீரில் கரையும்போது தானே பெரும் வெப்பத்தை வெளியிடும். குளிர்ந்த நீரே சுடும். ஏற்கெனவே கொதிக்கும் நீரில் அதைக் கொட்டினால் அந்த நீர் ஒரே கணத்தில் பொங்கித் தெறிக்கும். போதாதற்கு, அலுமினியத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். இந்த மூன்றும் ஒன்றாக நடந்தன. டேக்சா சீறியது, சாம்பல் நிற நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது, மூக்கையும் தொண்டையையும் அறுக்கும் ஆவி எழுந்தது. இடது முன்கையில் சுரீர் என்றது. கொதிநீர் பட்டுவிட்டது என்று எண்ணி, குழாயில் அரை நிமிடம் கையைக் காட்டிவிட்டு அடுப்பை அணைத்தேன். எங்கள் வீட்டில் மின் அடுப்பு. தீ எரியும் எரிவாயு அடுப்பாக இருந்து அந்த ஹைட்ரஜன் அதில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் நினைத்துப் பார்த்துப் பல இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. சமையல் மேடை ஓக் மரத்தால் ஆனது, வீட்டு உரிமையாளருடையது. வழிந்த நீர் மரத்தில் ஊறுகிறதே என்ற பதற்றத்தில், ஒரு துணியை எடுத்து வெறுங்கையால் துடைக்கத் தொடங்கினேன். விரல்கள் வழுவழுவென்று சோப்பு போட்டது போல் இருந்தன. வலி இல்லை. அந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது என்பதை மருத்துவர் மறுநாள் விளக்கினார். காரம் தோலில் உள்ள கொழுப்போடு சேர்ந்து அதையே சோப்பாக மாற்றுகிறது. என் விரல்களில் இருந்தது என் தோலிலிருந்து உண்டான சோப்பு. அமிலம் பட்டால் உடனே எரிந்து கையை இழுக்க வைக்கும். காரம் பல நேரங்களில் முதலில் வலிக்காமல் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். இதை ஒருவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நான் அந்தத் துணியைத் தொட்டிருக்கவே மாட்டேன். எனவே இதை அழுத்திச் சொல்கிறேன்: காஸ்டிக் சோடா இருக்கும் இடத்தில் விரல் வழுக்கினால், வலி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், குழாயைத் திறந்துவிடுங்கள்.

பத்து நிமிடம் கழித்து முன்கை எரியத் தொடங்கியது. முழுக்கைச் சட்டை அணிந்திருந்தேன். தெறித்த கரைசல் சட்டையின் துணியில் ஊறி, அந்த ஈரத் துணி தோலோடு ஒட்டிக்கொண்டு முழு நேரமும் அங்கேயே இருந்திருக்கிறது. குழாயில் காட்டியபோதும் சட்டையைக் கழற்றவில்லை. இப்போது சட்டையை உருவியதும், இரண்டு ரூபாய் நாணயம் அளவில் இரண்டு இடங்களில் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. பள்ளியில் படித்த அமில-கார வேதியியல் அப்போதுதான் நினைவுக்கு வரவேண்டுமா? காரத்துக்கு அமிலம் மருந்து என்று எண்ணி, அலமாரியில் இருந்த வினிகரை அதன்மேல் ஊற்றினேன். உயிர் போவது போல் வலித்தது. காயத்தின் மேல் அமிலத்தை ஊற்றினால் நடுநிலையாக்கும் வினையே வெப்பத்தை உண்டாக்கும் என்பதும், வெந்த தோலை வினிகரும் தன் பங்குக்குப் புண்ணாக்கும் என்பதும், குளிர்ந்த நீரை ஓடவிடுவது ஒன்றுதான் முதலுதவி என்பதும் எனக்குத் தெரியாது.

மகள் அடுத்த அறையில் தூங்குகிறாள். அவளைத் தனியே விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக முடியாது. எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனால் அவளும் பயந்துவிடுவாள். திருச்சியில் அப்போது விடியற்காலை மூன்று மணி. மனைவிக்குச் சொல்லி என்ன பயன்? அந்நிய ஊரில் ஒரு குழந்தையோடு தனியாக இருப்பவன் எவ்வளவு கையாலாகாதவன் என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் உணர்ந்ததுபோல் நான் எப்போதும் உணர்ந்ததில்லை. இரவு நேர மருத்துவ உதவிக்கான 116117 என்ற எண்ணை அழைத்துவிட்டு, அது இணைப்புக் கிடைக்கக் காத்திருந்தபடியே மேல்மாடிக்குப் போய் அழைப்பு மணியை அழுத்தினேன். அங்கே ஓய்வு பெற்ற ஒரு தம்பதியர் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் வணக்கம் சொன்னதைத் தவிர நான் அவர்களோடு பேசியதில்லை.

கதவைத் திறந்த பெரியவர் என் கையையும் முகத்தையும் பார்த்தார். 'லவ்கே' என்ற ஒரு சொல்லைத்தான் நான் சொன்னேன். அவர் உள்ளாடை மேல் ஒரு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினார். நாற்பது ஆண்டுகள் பேக்கரியில் வேலை பார்த்தவர் அவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் கையைப் பிடித்துக் குழாயின் அடியில் வைத்து, கடிகாரத்தைக் காட்டி, இருபது நிமிடம் எடுக்கக் கூடாது என்றார். சன்னல்களைத் திறந்தார். டேக்சாவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மனைவி என் மகளின் அறையில் போய் உட்கார்ந்துகொள்ள, அவரே என்னை மருத்துவமனைக்குக் காரில் அழைத்துச் சென்றார்.

காயம் ஆறுவதற்கு மூன்று வாரங்கள் ஆயின. தழும்பு இன்றும் இருக்கிறது. மருத்துவமனையில் கட்டுப்போட்ட பெண், என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி விளக்கில் காட்டினார். இடது கண்ணாடிச் சில்லின் நடுவில் மழைத்துளி காய்ந்தது போல் ஒரு கறை, பூச்சு அரித்துப்போயிருந்தது. அந்த ஒரு சொட்டுக்கும் என் கண்ணுக்கும் நடுவில் இருந்தது தற்செயலாக அணிந்திருந்த மூக்குக் கண்ணாடி மட்டும்தான். கண்ணின் முன்பக்கப் படலமான கார்னியாவில் காரம் பட்டால் சில நிமிடங்களில் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்று அவர் சொன்னார். சாதாரணக் கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருப்பதால் அதை நம்பக் கூடாது. சுற்றிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி பத்து யூரோவுக்குள் கிடைக்கிறது. கண்ணில் பட்டுவிட்டால் இமையை விரித்துப் பிடித்து நீரை ஓடவிட்டுக்கொண்டே அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை கழுவுவதை நிறுத்தக் கூடாது.

மறுநாள் காலையில் முப்பது பிரெட்செல்லுக்கு மூன்று பேக்கரிகள் ஏறி இறங்கினேன். முன்பதிவு இல்லாமல் ஒரே இடத்தில் அத்தனை கிடைக்காது. மொத்தம் 31 யூரோ 50 செண்ட் ஆனது. அவற்றைக் கூடையில் வைத்துக்கொண்டு, கையில் கட்டோடு, 'வீட்டில் செய்தது' என்ற பட்டியலுக்குக் கீழே நின்றதுதான் எனக்குக் காயத்தைவிட அதிகமாக வலித்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆசிரியை ஒருவர் சிரிக்காமல், தாமும் கடையில் வாங்கியதைத்தான் எப்போதும் கொண்டுவருவதாகச் சொன்னார். மகளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. லாந்தர் அணையாமல் வீடு வந்து சேர்ந்ததுதான் அவளுக்குச் செய்தி.

மற்றக் கணக்கையும் சொல்கிறேன். ஓக் மேடையில் கரைசல் பட்ட இடமெல்லாம் கறுத்துவிட்டது. ஓக் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு காரம் வினைபுரிந்தால் அப்படித்தான் ஆகுமாம். தச்சர் வந்து இழைத்து எண்ணெய் பூச 240 யூரோ. கண்ணாடிச் சில்லுக்கு 95. அலுமினியத் தட்டுகள் இரண்டுக்கும் 36. காஸ்டிக் சோடாவுக்கு 12, மாவு, வெண்ணெய், ஈஸ்ட்டுக்கு 9. அலுவலகத்தில் ஒன்றரை நாள் விடுப்பு. அந்தத் தட்டுகளில் கரைசல் படவே இல்லை, ஆனாலும் பிரெட்செலுக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று பெரியவர் தடுத்துவிட்டார். லவ்கேயில் முக்கியெடுத்த பண்டத்தை அலுமினியத் தட்டில் வைத்துச் சுட்டால் அலுமினியம் அதில் கலக்கும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமே எச்சரித்திருக்கிறது. உறையைப் பிரித்துவிட்டதால் கடையிலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. துருப்பிடிக்காத எஃகுத் தட்டு, அல்லது எனாமல் பூசிய தட்டின் மேல் பேக்கிங் தாள் விரித்துச் சுடுவதே சரி.

பெரியவர் என்னை அத்தோடு விடவில்லை. கட்டுப் பிரித்த பிறகு வந்த சனிக்கிழமையிலிருந்து தொடர்ந்து ஐந்து வாரம், அவர் வீட்டுச் சமையலறையில் எனக்குப் பாடம் நடந்தது. முதல் பாடத்தில் அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் குளிர்ந்த நீரை அளந்து ஊற்றி, தராசில் 40 கிராம் முத்துக்களை நிறுத்து, அந்த நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கினார். நீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் ஒருபோதும் நீரை ஊற்றக் கூடாது. பாத்திரம் கண்ணாடி, எஃகு, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை வேண்டும். மணிக்கட்டோடு நிற்கும் கையுறையில் கரைசல் உள்ளே வழிந்து சிறைப்பட்டுவிடும். குழந்தையும் பூனையும் அறைக்கு வெளியே. கரைத்த பிறகு அது ஆறும் வரை முக்குவதில்லை, ஏனெனில் தொழில்முறை லவ்கே குளிர்ந்தே இருக்க வேண்டும். கொதிக்க வைப்பது சமையல் சோடாவுக்கு மட்டும்தான். நான் இரண்டு முறைகளின் தலையையும் வாலையும் ஒட்டவைத்திருந்தேன்.

பூனை என்றதும் அவர் ஒரு கதை சொன்னார். பக்கத்தில் உள்ள பாட் உராக் ஊரில் ஃபிரீடர் என்ற பேக்கரிக்காரர் இருந்தாராம். ஏதோ குற்றத்துக்காக அவருக்கு மரண தண்டனை விதித்த எபர்ஹார்ட் பிரபு, சூரியன் மூன்று முறை ஊடுருவிப் பார்க்கும்படியான ஒரு பண்டத்தை மூன்று நாளில் சுட்டுக் கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்றாராம். கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்து அந்த வடிவம் பிறந்தது. அடுப்பருகே கிடந்த பூனை துள்ளியதில் தட்டு காரக்கரைசல் வாளிக்குள் விழுந்தது. வேறு மாவு செய்ய நேரமில்லாமல் அப்படியே சுட்டார். எபர்ஹார்ட் பிரபு 1477-இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தை நிறுவிய உண்மையான மனிதர், கதை கதைதான். ஏனென்றால் பிரெட்செல் வடிவம் அவருக்கும் மூன்று நூற்றாண்டு மூத்தது. இன்று பிரான்சில் உள்ள அல்சாஸில் ஹெராட் என்ற மடத்துத் தலைவி 12-ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'ஹோர்டுஸ் டெலிசியாரும்' ஓவியச் சுவடியில், விருந்து மேசை மேல் ஒரு பிரெட்செல் வரையப்பட்டிருக்கிறது. பெயரே லத்தீனில் கை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. எனக்கு அந்தப் பூனையின் மேல் தனி அனுதாபம் உண்டு. கதையில் அதற்கு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை.

மாவைப் பற்றி நான் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன். 500 கிராம் கோதுமை மாவுக்கு (இங்கே 550 என்ற எண்ணுள்ள வகை) 260 மில்லிலிட்டர் குளிர்ந்த நீர், 10 கிராம் உப்பு, 10 கிராம் ஈஸ்ட், 30 கிராம் வெண்ணெய். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, பிசைபவர் வியர்க்கும்படி இருக்க வேண்டும். இளகிய மாவில் கைகள் மெலிந்து வராது. ஒன்பது உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் நடுவில் பருத்தும் நுனிகளில் மெலிந்தும் இருக்கும்படி அறுபது சென்டிமீட்டருக்கு உருட்டி, நுனிகளை இரண்டு முறை பின்னி வயிற்றின் மேல் ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகு நான் அறியாத படி ஒன்று இருந்தது. வடிவம் செய்ததை மூடாமல் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் மேலே தோல் கட்டும். தோல் கட்டிக் குளிர்ந்து விறைத்த பிரெட்செல்தான் கரைசலில் முக்கும்போது தொய்யாது. நிறமும் திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராக வரும். துளைக்கரண்டியால் நான்கைந்து நொடி முக்கி, வடித்து, வயிற்றில் ஒரு கீறல், மேலே கல்லுப்பு, 220 டிகிரியில் பதினைந்து நிமிடம். அடுப்புச் சூட்டில் காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாக மாறிவிடுவதால், சுட்டெடுத்ததைச் சாப்பிடுவதில் தீங்கில்லை. சுடாத மாவைத்தான் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

மீந்த கரைசலைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மண்ணெண்ணெயை அப்படித்தான் வைத்திருந்தோம். இதில் அதைச் செய்யவே கூடாது. நிறமும் மணமும் இல்லாமல் பார்ப்பதற்கு நீரைப் போலவே இருக்கும். நான் மிச்சம் வைப்பதே இல்லை. நிறைய குளிர்ந்த நீர் சேர்த்துச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறேன். குழாய் அடைப்பு நீக்கும் தூளிலும் இதே வேதிப்பொருள்தானே என்று மலிவுக்காக அதை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அதில் அலுமினியத் துகள்களும் மற்றக் கலவைகளும் இருக்கும். அது உணவுக்கானது அல்ல.

இத்தனை தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது, வீட்டில் சிறு குழந்தை இருப்பவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி 130 டிகிரியில் ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்தால் அது சோடியம் கார்பனேட்டாக மாறும். அதன் கரைசல் சமையல் சோடாவைவிடக் காரமானது, காஸ்டிக் சோடாவைவிட மிகவும் சாதுவானது. நிறம் முக்கால் பங்கு வரும். இதற்கும் கையுறை போடுங்கள். கண்ணில் பட்டால் இதுவும் எரிக்கும்.

மரக்கறி உண்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்வாபிய பிரெட்செலில் வெண்ணெய்க்குப் பதிலாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். இன்றும் சில பேக்கரிகளில் சேர்க்கிறார்கள். 'ஷ்வைனெஷ்மால்ட்ஸ்' இருக்கிறதா என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். நான் நான்கு ஆண்டுகள் கேட்காமலே சாப்பிட்டேன். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பு ஈரத்தை இழுத்து இரண்டு மணி நேரத்தில் தோல் சுருங்கிவிடும். காகிதப் பைதான் சரி, அன்றைக்குச் சுட்டதை அன்றைக்கே தின்பதுதான் அதைவிடச் சரி.

மறு ஆண்டு நவம்பரில் பட்டியல் மறுபடியும் கதவில் ஏறியது. பெரியவரும் நானும் சேர்ந்து நாற்பது சுட்டோம். என்னுடையவற்றில் ஆறு கோணலாக இருந்ததால் அவற்றை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டேன். கோணல்களில் ஒன்றைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான், என் மனைவி பொங்கலுக்குப் பெரிய பாத்திரம் வேண்டும் என்று அலமாரியைக் குடைந்துவிட்டு, அம்மா கொடுத்த டேக்சா எங்கே என்று கேட்டார். அதுவரை நான் போட்ட எந்தக் கணக்கிலும் அதைச் சேர்த்திருக்கவில்லை. பால்கனியில், அடியெல்லாம் பொத்தல் விழுந்து, அதில் ரோஸ்மேரிச் செடி ஒன்று நன்றாகவே வளர்ந்திருந்தது.